கௌதமன் சோதிக்காத பைகள்

தங்கச் சுரங்க ஊரான எங்கள் சாம்பியன் ரீப்ஸின் ஸ்டேஷனில் காலை ரயிலுக்கு நின்றிருந்தபோதுதான் கௌதமன் போய்விட்டார் என்று சொன்னார்கள். ரயில் வந்தது. நான் ஏறி, பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டேன். எந்த முகத்தோடு அந்தச் சாவு வீட்டுக்குப் போவேன்?

தினமும் போகும் அந்த ரயில் பெட்டியில் அவரோடு வாதாடாதவர் எங்களில் யார்? வெளிநாட்டில் மலிவாகக் கிடைக்கும் தங்கத்தை இத்தனை ஆழத்தில் தோண்டுவானேன், சுரங்கத்தை மூடியது சரிதான் என்று, பி.காம். படித்த திமிரில் ஒருநாள் சொன்னேன். கௌதமன் சிரித்தார். “இன்னா சார், நாளிக்கி வேற நாட்டுக்காரன் சட்டைய மலிவா தச்சிக் குடுத்தா, உங்க ஃபேக்டரிய மூடுறதும் சரின்னு சொல்லுவீங்களா?” பெட்டியே சிரித்தது.

நந்திதுர்க் சுரங்கத்தில் இருபது வருடம் இறங்கியவர். ஷிப்டு முடிந்து மேலே வந்ததும், தங்கம் திருடினாரா என்று தினமும் உடம்பைத் தடவிப் பார்ப்பார்களாம். அந்தப் பழக்கத்தில், கல்யாண மண்டப வாசலில் பன்னீர் தெளிக்க வந்த பெண்ணின் முன்னாலும் இரண்டு கைகளையும் தூக்கி நின்றார். விழுந்து விழுந்து சிரித்தோம். இப்போது வெட்கமாக இருக்கிறது.

எங்கள் ஏற்றுமதி ஆடை ஃபேக்டரியில் அவருக்கு வாட்ச்மேன் வேலை வாங்கித் தந்தவன் நான்தான். சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும் பெண்களின் பைகளைச் சோதிக்க வேண்டும். அவரோ கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, “போங்கம்மா, போங்க” என்று எல்லோரையும் விட்டுவிட்டார்.

“என்னத் தடவுனது போதும் சார். நான் யாரையும் திருடின்னு பாக்க மாட்டேன்.”

ஒரு சட்டைகூடக் காணாமல் போகவில்லை. ஆனாலும் முதலாளி அவரை நீக்கச் சொன்னார். கடிதத்தில் கையெழுத்துப் போட்டவன் நான். என் பிழைப்பு எனக்குப் பெரிதாக இருந்தது.

மறுநாள் வேறு வேலை தேடி அதே ரயிலில் வந்தவர், துண்டு போட்டு எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். “உக்காருங்க சார். நீங்க இன்னா செய்வீங்க?” அதற்கு நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

இப்போது எங்கள் ஆர்டர்கள் வேறு நாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பப் போவதாகப் பேச்சு. ஆபீஸ்காரர்களையும் வாசலில் சோதிக்கச் சொல்லிவிட்டார்கள். கௌதமன் இறந்த அன்று சாயங்காலம், புது வாட்ச்மேன் என் அருகே வந்தான். அவன் வாய் திறப்பதற்குள் என் கைகள் இரண்டும் மேலே போய்விட்டன.

“பையக் காட்டுனா போதும் சார். கைய எறக்குங்க” என்றான்.

கௌதமனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தத் தூக்கிய கைகள்தான். அவர் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாரே, அதற்கு எனக்கு வக்கில்லை.