பீரோவுக்குள் வேர்விட்ட ஆர்டிசோக்

தோட்டக்கலைத் துறையின் துணை இயக்குநர் நாளைக்கு வருகிறார் என்று தந்தி வந்தபோது, எங்களிடம் இருந்த நூற்றிருபது ஆர்டிசோக் கன்றுகளில் ஒன்றுக்குக்கூட வேர் இல்லை.

எண்பதுகளின் நடுவில் ஜவ்வாது மலை அரசுப் பண்ணை ஒன்றில் நான் லேப் டெக்னீஷியன். லேப் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஓர் ஓட்டு அறை, ட்யூப்லைட் கட்டிய நான்கு ரேக், ஸ்டெரிலைஸ் செய்ய ஒரு பெரிய பிரஷர் குக்கர். தளிரை ஊன்றும் ஜெல்லியான அகர் தீர்ந்துபோனால் வாணியம்பாடி மளிகைக் கடையில் கடல்பாசி வாங்கி வருவேன். "நோம்பு முடிஞ்சி ஒரு மாசம் ஆவுது, இவ்ளோ கடல்பாசி இன்னாத்துக்குப்பா?" என்பார் கடைக்கார பாய். செடிக்கு என்றால் நம்ப மாட்டார்.

ஆர்டிசோக் ஒரு சீமைச் செடி. முள் முள்ளான இலை, தாமரை மொட்டு அளவுக்குப் பெரிய மொட்டு. அந்த மொட்டைத்தான் வேகவைத்துத் தின்பார்களாம். எங்களில் யாரும் தின்றதில்லை. பாட்டில் கழுவ வரும் சென்னம்மா மலைக் கிராமத்துக்காரர். அவர் காதில் அந்தப் பெயர் "ஆட்டுச்சோறு" என்று விழுந்தது. கடைசிவரை அவருக்கு அது ஆட்டுச்சோறுதான்.

திசு வளர்ப்பில் ஒரு செடி நுனியைப் பாட்டிலில் போட்டால் அது ஐந்தாறு தளிராகப் பெருகிவிடும். அதில் எங்களுக்குக் கஷ்டமில்லை. வேர்தான் வரவில்லை. வேர்விட வைக்கும் ஹார்மோனான ஆக்சினைக் கூட்டினோம், குறைத்தோம், சர்க்கரையை மாற்றினோம். தளிர்கள் பச்சைப் பசேலென்று நின்றன, அடியில் ஒன்றுமில்லை.

"இன்னா தம்பி, ஆட்டுச்சோறு இன்னும் வேர் வுடலியா?" என்று சென்னம்மா தினமும் கேட்பார். எங்கள் அதிகாரி சம்பந்தம் சாருக்கு அந்தக் கேள்வியைக் கேட்டாலே காது சிவக்கும்.

தந்தியைப் படித்ததும் சார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "தனபால், வேரில்லாத பாட்டிலைப் பார்த்தார்னா லேபையே இழுத்து மூடிடுவார்."

"வேற என்ன சார் பண்றது?"

"ஒளிச்சு வை. கன்டாமினேஷன், பூஞ்சை பிடிச்சிருச்சு, எல்லாத்தையும் கொட்டிட்டோம்னு சொல்லிக்கலாம்."

நூற்றிருபது பாட்டிலையும் ஃபைல் வைக்கும் இரும்பு பீரோவில் அடுக்கி, மேலே ஒரு பெரிய துண்டைப் போட்டு மூடினேன்.

மறுநாள் துணை இயக்குநர் வரவில்லை. மழையில் ஆலங்காயம் ரோட்டில் மரம் விழுந்து ஜீப் ஏற முடியவில்லை. இன்றைக்கு வருவார், நாளைக்கு வருவார் என்று காத்திருந்ததில் பீரோவைத் திறக்கப் பயம். பன்னிரண்டு நாள் ஓடிவிட்டது.

பதின்மூன்றாம் நாள் வந்தார், தொப்பலாக நனைந்து. பாதி மலையில் ஜீப் நின்றுபோய், அவரும் இறங்கித் தள்ளியிருக்கிறார். வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "துடைக்க ஏதாவது துண்டு இருக்கா?"

நானும் சாரும் ஒரே குரலில் "இல்லை சார்" என்றோம்.

"பீரோல இருக்குதுங்களே," என்றார் சென்னம்மா. நாங்கள் எழுந்திருப்பதற்குள் பீரோவைத் திறந்து துண்டை உருவிக் கொடுத்துவிட்டார்.

பாட்டில்கள் கிணுகிணுவென்றன. சம்பந்தம் சார் கண்ணை மூடிக்கொண்டார். துணை இயக்குநர் தலையைத் துவட்டிக்கொண்டே ஒரு பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார். தளிர் வெளுத்துப் போயிருந்தது. ஆனால் அடியில், அகருக்குள், வெள்ளைவெளேரென்று நான்கு வேர்.

"என்னய்யா இது?"

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ. "இருட்டு ட்ரீட்மென்ட் சார்."

சார் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். பிறகு இன்னொன்றையும் திறந்து பாட்டிலைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பார்த்தார். எல்லாப் பாட்டிலையும் எடுத்து வைத்தோம். முக்கால்வாசிக்கு வேர் இருந்தது.

"பிரமாதம்! எந்தத் தேதியில உள்ளே வச்சீங்க? ஒப்பிட்டுப் பார்க்க வெளிச்சத்துல வச்ச கன்ட்ரோல் எங்கே? ரெஜிஸ்டரைக் கொண்டா."

ரெஜிஸ்டரில் அந்தப் பக்கம் வெள்ளையாக இருந்தது.

"ட்ரீட்மென்ட்னு சொல்றே, ஒரு வரி எழுதலையே?"

"ஒளிச்சி வச்சத எப்படிங்க எழுதுவாங்க?" என்றார் சென்னம்மா, எங்களுக்குப் பரிந்து பேசுவதாக நினைத்து.

துணை இயக்குநர் துண்டை முகத்தில் பொத்திக்கொண்டு குலுங்கினார். அழுகிறாரோ என்று பயந்தேன். சிரிப்பு.

லேபை மூடவில்லை. "வெளிச்சத்துல ஆக்சின் கெட்டுப்போகும்யா, அதான் இருட்டுல வேர் வந்திருக்கு. மறுபடி செய். பாதி ரேக்குல, பாதி பீரோல. எழுதிக்கிட்டே செய்," என்று சொல்லிவிட்டுப் போனார். செய்தோம். மூன்று முறையும் பீரோவில் வைத்ததே ஜெயித்தது. எத்தனை நாள் போதும் என்று கண்டுபிடிக்க மட்டும் ஒரு வருடம் போயிற்று. முதல் தடவையே நாள்வாரியாகப் பார்த்து எழுதியிருந்தால் அதில் பாதி மிஞ்சியிருக்கும்.

லேபில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். தோற்றுப்போன பாட்டிலுக்கும் நம்பர் போடுங்கள், தேதி போடுங்கள். ஒளித்து வைப்பதானால் வையுங்கள், மனிதர்கள்தானே. எங்கே ஒளித்தீர்கள் என்பதை மட்டும் ரெஜிஸ்டரில் ஒழுங்காக எழுதிவிடுங்கள்.