கூப்பிட்டால் வரும் நாய்

ஆழ்வார்பேட்டையில் எங்கள் குடியிருப்பின் வாசலில் ஒரு செவலை நாய் இருந்தது. மாநகராட்சி வண்டியின் சத்தம் தெருமுனையில் கேட்டாலே கார்களுக்கு அடியில் பதுங்கிவிடும். வலையோடு வந்தவர்கள் வெறுங்கையோடு போவார்கள். விவரமான நாய். நான் "வாடி" என்றால் மட்டும் வரும்.

அதை அப்புறப்படுத்தச் சொல்லிக் குடியிருப்புக் கூட்டத்தில் பேச்சு வந்தபோது, நான்தான் எழுந்து சண்டை போட்டேன். பிடிக்கலாம், கருத்தடை செய்து ஊசி போடலாம், ஆனால் பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும், சட்டம் அதுதான் என்று கத்தினேன். எதிர்வீட்டுக்காரி மட்டும் என் பக்கம் நின்றாள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, தி.நகரில் ஜவுளிக்கடை. அவள் வீட்டுச் சாவி என்னிடமும் என் வீட்டுச் சாவி அவளிடமும் இருக்கும் அளவுக்குப் பழக்கம்.

அடுத்த முறை வண்டி வந்ததும் ஓடிவந்தாள். "அக்கா, நீங்க சொன்ன சட்டம்தானே? ஊசி போட்டு இங்கேயே கொண்டாந்து விட்டுருவாங்க. நீங்க ஒரு குரல் குடுங்க."

கொடுத்தேன். வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. வலை விழுந்ததும் அது பிடித்தவனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தது.

நாட்கள் போயின, நாய் வரவில்லை. பக்கத்துத் தெருவில் வண்டியைப் பார்த்ததும் போய்ச் சண்டைக்கு நின்றேன்.

"இன்னாம்மா நீ! அத்த அப்பவே இட்டாந்து வுட்டுட்டோம். உங்க எதிர் வூட்டம்மாதான் கார்ல ஏத்திக்கினு போச்சு. வளக்கத்தான் எட்த்துக்கினு போவுதுன்னு நென்ச்சேன்" என்றார் நாய் பிடிப்பவர்.

நேராக அவள் வீட்டுக்குப் போனேன். அவள் மறைக்கவில்லை. தூரத்தில், ஈக்காட்டுத்தாங்கலில், அவள் கார் டிரைவர் இறக்கிவிட்டானாம். "பிள்ளைங்க பயப்படுதுக்கா. சட்டப்படி இங்க கொண்டாந்து விட்டாச்சுல்லா? அதுக்குப் பொறவு எங்க போனா என்ன?"

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா நீங்க கூப்பிட்டிருப்பீங்களா?"

என் சட்டத்தையும் என் குரலையும் இரவல் வாங்கி என் முதுகிலேயே குத்தியிருக்கிறாள். அவள் வீட்டுச் சாவியை அங்கேயே மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஈக்காட்டுத்தாங்கலில் தேடி அலைந்தேன். ஒரு லேத் பட்டறை வாசலில் படுத்திருந்தது. இளைத்திருந்தது, கருத்தடை செய்த அடையாளமாகக் காது நுனியை வெட்டியிருந்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. "வாடி" என்றேன்.

தலையைத் தூக்கிப் பார்த்தது. எழுந்தது. வாலை இடுக்கிக்கொண்டு, நின்றிருந்த லாரிக்கு அடியில் போய்ப் பதுங்கிவிட்டது. குனிந்து மறுபடியும் கூப்பிட்டேன். இன்னும் உள்ளே நகர்ந்தது.

பட்டறைக்காரர் வெளியே வந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாருக்கும் பயப்படாதும்மா அது. நீ இன்னா பண்ண அத்த?"