அல் கோபாரில் போட்ட ஊறல்

இலையுதிர்காலத்தில் குடிக்க எந்த பீர் நல்லது என்று யாராவது கேட்டால், எழுபது வயதைக் கடந்துவிட்ட இப்போதும் தயங்காமல் பதில் சொல்வேன். கோடையில் குடிக்கும் வெளிர்மஞ்சள் பீர் அப்போது ஆகாது, அது தாகத்துக்கு. காற்று குளிரத் தொடங்கியதும் நாக்கு சற்றுக் கனமானதைக் கேட்கும். ஜெர்மானியர்கள் குளிர் விடும் நேரத்தில் காய்ச்சி, மாதக்கணக்கில் கிடத்தி, அக்டோபரில் திறக்கிற செம்பழுப்பு பீர் முதலிடம். அதில் சுட்ட ரொட்டியின் மேல்தோல் வாசம் வரும். அடுத்தது ஆங்கிலேயர்களின் பழுப்பு பீர். வறுத்த வேர்க்கடலைத் தோலின் மெல்லிய கசப்பு. பூசணிக்காயோடு பட்டையும் கிராம்பும் சேர்த்து அமெரிக்கர்கள் செய்வதைப் பலர் கேலி செய்வார்கள். எனக்குப் பிடிக்கும், ஒரு கிளாஸ் வரைக்கும். துபாயில் வேலை பார்த்த கடைசி வருடங்களில் சத்வாவில் குடியிருந்தேன். மது வாங்குவதற்கான உரிமம் வைத்திருந்ததால், இவற்றையெல்லாம் தேடித்தேடிக் குடித்தேன்.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்த பீர் இவற்றில் ஒன்றல்ல. துபாய்க்கு வருவதற்கு முன், சவூதியில், அல் கோபாரில், என் குளியலறையில் நானே செய்த பேரீச்சம்பழ பீர் அது. அதைப் பற்றி எழுதினால் ஒரு குடும்பத்தைப் பற்றியும் எழுத வேண்டும். அதனால்தான் இத்தனை காலம் எழுதவில்லை.

சவூதியில் மது கிடையாது. பிடிபட்டால் சிறை, பிறகு ஊர். வசதியுள்ளவர்கள் வியாழக்கிழமை மாலை பாலம் தாண்டி, மது கிடைக்கும் பஹ்ரைனுக்குப் போவார்கள். போய்த் திரும்பும் விசா இல்லாத எங்களைப் போன்றவர்கள் வீட்டிலேயே ஊறல் போட்டோம். சூப்பர் மார்க்கெட்டில் போதையற்ற மால்ட் பானம் பெட்டி பெட்டியாகக் கிடைக்கும். அதோடு சர்க்கரை, ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட். இந்த மூன்றையும் ஒன்றாக வாங்கினால் கல்லாவில் இருப்பவர் சிரிப்பார் என்பதால் மூன்று கடைகளில் வாங்குவோம். பெரிய தண்ணீர் கேனில் ஊற்றி, வாயில் ரப்பர் குழாய் பொருத்தி, மறுமுனையைத் தண்ணீர்க் கிண்ணத்தில் மூழ்கவிட்டால், குமிழ் விட்டபடி தானே நொதிக்கும்.

கோடையில் செய்தால் புளித்த காடிதான் மிஞ்சும். அறுபது பேர் வேலை செய்யும் அலுவலகத்தில் வெப்பமும் அழுத்தமும் அளக்கும் கருவிகளைக் கவனிக்கும் பொறியாளனான எனக்கு, வெப்பநிலைதான் விஷயம் என்பது சீக்கிரம் புரிந்துவிட்டது. அங்கே இலை உதிர்வதைப் பார்த்து யாரும் பருவத்தை அறிவதில்லை. நாம் அகத்தியர் என்று சொல்லும் நட்சத்திரத்தை அரபிகள் சுஹைல் என்பார்கள். அது விடியலில் தெரிந்துவிட்டால் சூடு இறங்கும் என்பது அவர்கள் கணக்கு. எனக்குக் கணக்கு ஏ.சி.தான். இரவில் முதல்முறையாக அதை அணைத்துப் படுக்கிற வாரத்தில் ஊறல் போடுவேன். அல் அஹ்ஸா தோப்புகளின் புதுப் பேரீச்சம்பழம் சந்தையில் குவிந்திருக்கும். கொட்டை நீக்கி, வேகவைத்து, வடிகட்டி, அந்தச் சாற்றை மால்ட்டோடு சேர்ப்பேன். கொத்தமல்லி விதை, ஆரஞ்சுத் தோல், கொஞ்சம் சுக்கு. நவம்பரில் பாட்டிலைத் திறக்கும்போது அதன் நிறம் கருப்பட்டிக் காபி போல இருக்கும்.

வியாழக்கிழமைகளில் நண்பர்கள் வருவார்கள். எல்லாரும் நல்லவர்கள். நாக்கு மட்டும் கிடையாது.

"அண்ணே, சரக்கு பிரமாதம்!"

"இதுல ஆரஞ்சுத் தோல் தெரியுதா?"

"தோலா? என்னண்ணே, உரிக்காமலே போட்டுட்டீங்களா?"

"சுக்கு?"

"யோவ், அவருக்கு ஜலதோஷம் போலிருக்கு. அண்ணே, ஏறுதா இல்லையா, அதைக் கேளுங்க. ஏறுது. கலாஸ், முடிஞ்சது!"

எனக்கு அது போதவில்லை. ஒரு செயலை நன்றாகச் செய்கிறவனுக்கு, அது நன்றாக இருக்கிறது என்று தெரிந்தவர் ஒருவராவது சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லக்கூடிய ஒரே மனிதர் குடிக்காதவராக இருந்தார்.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் அலுவலகத்தில் கணக்காளர். என்னைவிடப் பத்து வயது இளையவர். வியாழக்கிழமை கூட்டத்துக்கு வரமாட்டார். வெள்ளிக்கிழமை மதியம் மீனோடு வந்து என் அடுப்பில் குழம்பு வைப்பார். நான் தனியாள்; என் மனைவி பிள்ளைகளின் படிப்புக்காகத் திருச்சியில் இருந்தாள். அவர் மனைவி யாழ்ப்பாணத்தில் அரசுப் பள்ளி ஆசிரியை. ஒன்பது வயதில் ஒரு மகள்.

"அண்ணை, உங்கட குளியலறைக்குள்ள பேக்கரி நடக்குதோ?" என்று உள்ளே வரும்போதே மூக்கைச் சுருக்குவார். வாசத்தை வைத்தே, "இது இன்னும் பச்சையாக் கிடக்கு, நாலு நாள் விடுங்கோ" என்பார். சரியாக இருக்கும்.

குடியை ஏன் விட்டார் என்பதை அவரே சொன்னார். போர் நிறுத்தம் வந்த பிறகு ஒருமுறை விடுமுறையில் ஊருக்குப் போனவர், விடுமுறை முழுவதும் குடித்துக் கிடந்திருக்கிறார். மனைவி சண்டை போடவில்லை. புறப்படும் நாளில், ஒரு வருடம் குடிக்காமல் இருந்தால் வேலையை விட்டுவிட்டு மகளோடு அல் கோபாருக்கு வருகிறேன், இல்லையென்றால் இந்த வாழ்க்கை இப்படியே தூரத்தில் இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறார். அதன்பின் இவர் குடியைத் தொடவில்லை. டிசம்பரில் அவர்கள் வருவதாக இருந்தது. வீடு பார்த்துவிட்டார். மகளின் அறைக்குத் திரைச்சீலை வாங்கப் போனபோது நானும் கூடப் போனேன். மஞ்சளா நீலமா என்று ஒரு மணி நேரம் நின்றார்.

அந்த வருடப் பேரீச்சம்பழ பீரை நவம்பர் தொடக்கத்தில், ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து தெரு அடங்கியிருந்த மதியத்தில் திறந்தேன். அவர் எதிரே தேநீரோடு உட்கார்ந்திருந்தார். நான் ஒரு வாய் குடித்தேன். அதற்கு முன் நான் செய்த எதுவும் அப்படி வந்ததில்லை.

"ஒரே ஒரு வாய் பாருங்க. துப்பிடுங்க, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

"அண்ணை, எனக்குத் துப்பத் தெரிஞ்சிருந்தா நான் ஏன் இவ்வளவு பாடு பட்டனான்?"

"இது சாராயம் இல்லங்க. பழச்சாறு புளிச்சிருக்கு, அவ்வளவுதான். உங்க வாயால ஒரு வார்த்தை கேக்கணும்."

"வேண்டாம் அண்ணை. மணம் நல்லாயிருக்கு. அது காணும், போதும்."

"மணத்தை வெச்சு என்ன பண்றது? அந்தப் பயலுங்க காடியக் குடுத்தாலும் பிரமாதம்னுவானுங்க. படிச்ச மனுஷன் நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க."

விளையாட்டாகச் சொன்னதாக ஒரு காலத்தில் நினைத்துக்கொண்டிருந்தேன். விளையாட்டில்லை. நான் கிளாஸை அவர் பக்கம் தள்ளி, கையை எடுக்காமல் வைத்திருந்தேன். அவர் என்னைவிட இளையவர். என் வீட்டில் சாப்பிடுகிறவர். மறுப்பது அவருக்குச் சங்கடம் என்று எனக்குத் தெரியும்.

குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"சுக்கு கூடிப்போச்சு, அண்ணை. பழத்தின்ர ருசி பின்னுக்குத்தான் வருது. அது முன்னுக்கு வரவேணும்."

அது முற்றிலும் சரி. நான் மகிழ்ச்சியில் அவர் தோளைத் தட்டினேன். அவர் பேசிக்கொண்டே கிளாஸை முடித்தார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இன்னொன்றை ஊற்றியதும் நான்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை மீன் இல்லாமல் வந்தார். அதற்கடுத்த வாரம் துண்டில் சுற்றி இரண்டு பாட்டில்களை வீட்டுக்குக் கொண்டுபோனார். "கொஞ்ச நாள் வெச்சுப் பாத்துச் சொல்லுறன்" என்றார். நானும் அதை நம்புகிறவனைப் போல, எப்படி வைக்க வேண்டும் என்று விளக்கினேன். வாரத்தின் நடுவிலும் வரத் தொடங்கினார். வந்தால் ருசியைப் பற்றிப் பேசுவார். எனக்கு அந்தப் பேச்சு வேண்டியிருந்தது.

நவம்பர் முடிவில் ஒரு மாலை, அலுவலகத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது தொலைபேசி அடித்தது. யாழ்ப்பாணத்திலிருந்து அவர் மனைவி. அவசரத்துக்கு என்று என் எண்ணை அவரே கொடுத்து வைத்திருந்தார். அதற்கு முன் நாங்கள் பேசியதில்லை.

"அண்ணை, குறை நினையாதையுங்கோ. ஒண்டு கேக்கவேணும். அவர் திரும்பவும் குடிக்கிறாரோ?"

"ஏம்மா, எதனால கேக்கறீங்க?"

"போன கிழமை கதைக்கேக்க குரல் ஒரு மாதிரி இருந்தது. தடிமன் எண்டார். நாளைக்குப் பள்ளிக்கூடத்தில விலகல் கடிதம் குடுக்கவேணும். குடுத்தா இந்த வேலை எனக்குத் திரும்பக் கிடையாது. அவர் உங்களைப் பற்றித்தான் எப்பவும் சொல்லுவார். நீங்கள் சொன்னா நான் நம்புவன்."

"இல்லம்மா. அவர் இங்க வந்தா டீதான் குடிப்பார். ஜலதோஷந்தான். இங்க இப்ப குளிர் ஆரம்பிச்சிருக்கு."

"உண்மையோ அண்ணை?"

"உண்மைதாம்மா. தைரியமா வாங்க."

அவர் அழுதது கேட்டது. நன்றி சொல்லி வைத்தார்.

ஏன் அப்படிச் சொன்னேன்? குடும்பம் வந்து சேர்ந்தால் அவர் திருந்திவிடுவார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கலாம். ஆனால் அந்த நொடியில் என் மனதில் இருந்தது வேறு. ஆமாம் என்று சொன்னால் அடுத்த கேள்வி, சவூதியில் எங்கிருந்து கிடைக்கிறது என்பதாக இருக்கும். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் சொன்னேன்.

டிசம்பரில் தாயும் மகளும் வந்தார்கள். மூன்று வாரம் அவர் என் வீட்டுப் பக்கம் வரவில்லை. பிழைத்துக்கொண்டார் என்று நினைத்தேன். ஜனவரியில் மூவரையும் மதிய உணவுக்கு அழைத்தேன். குளியலறையைப் பூட்டி, பாட்டில்களை ஃப்ரிட்ஜில் தயிர்ப் பாத்திரத்துக்குப் பின்னால் ஒதுக்கினேன். அவற்றை வேறு எங்காவது வைத்திருக்கலாம்.

அவர் மனைவி மெலிந்த, உயரமான பெண். வந்ததும் எனக்குக் கைகூப்பிவிட்டு, "அண்ணை, உங்கட வாய்ச்சொல்லுதான் எங்களை இங்க கொண்டந்து விட்டது" என்றார். சாப்பிடும்போது சிறுமி தண்ணீர் கேட்டாள். கணவர் எழுந்து சமையலறைக்குப் போனார். நேரமாயிற்று. மனைவி எழுந்து போனார். நானும் பின்னால் போனேன். ஃப்ரிட்ஜ் திறந்திருந்தது; தயிர்ப் பாத்திரம் மேடையில் இருந்தது; பாட்டில் அவர் வாயில் இருந்தது. தன் வீட்டில் எடுப்பதைப் போல, தேடாமல் எடுத்திருக்கிறார்.

அந்த அம்மாள் கணவர் கையிலிருந்த பாட்டிலை வாங்கி முகர்ந்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அண்ணை, இது எங்க வாங்கினது?"

"வாங்கலம்மா. நான் செய்யறது."

"எப்ப இருந்து?"

நான் ஃப்ரிட்ஜை மூடினேன். அந்த அம்மாள் ஒரு டம்ளரைக் கழுவி, தண்ணீர் பிடித்து, மகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தார்கள். கிளம்பினார்கள்.

அதன்பின் அந்த வீட்டில் என்ன நடந்தது என்பதை நான் முழுவதும் அறியேன். மார்ச்சில் தாயும் மகளும் ஊர் திரும்புவது முடிவாயிற்று. சவூதியை விட்டுப் போக மனைவிக்குக் கணவரின் கையெழுத்து வேண்டும்; மறுக்காமல் போட்டுக் கொடுத்தார். புறப்படும் அன்று அவர் கார் ஓட்டும் நிலையில் இல்லை, நான்தான் தம்மாம் விமான நிலையத்துக்கு ஓட்டிப் போனேன். அவர் என் பக்கத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். சிறுமி வழியெல்லாம் ஒட்டகம் எண்ணிக்கொண்டு வந்தாள்.

விமான நிலையத்தில் கணவர் தள்ளுவண்டி எடுக்கப் போனார். அந்த இரண்டு நிமிடத்துக்காக நான் வாரக்கணக்கில் வார்த்தைகளைத் தயார் செய்திருந்தேன்.

"அம்மா, அன்னைக்கு போன்ல நான்..."

"ஓம் அண்ணை, எனக்குத் தெரியும். பிள்ளை நிக்குது. கதையாதையுங்கோ."

அவ்வளவுதான். கோபமாகச் சொல்லவில்லை. வகுப்பில் பேசுகிற மாணவனிடம் சொல்வதைப் போலச் சொன்னார். பெட்டிகளை ஏற்றி முடித்ததும் மகளிடம், "மாமாவுக்கு பாய் சொல்லு" என்றார். அவள் கையசைத்தாள். நானும் அசைத்தேன்.

பழைய வேலை அந்த அம்மாளுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. வீட்டில் பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிக் கொடுக்கிறார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இதைப் படிப்பவர்கள், அன்றே நான் கேன்களைக் கவிழ்த்துக் கொட்டியிருப்பேன் என்று எதிர்பார்க்கலாம். நானும் விமான நிலையத்திலிருந்து திரும்பும்போது அப்படித்தான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து குளியலறையைத் திறந்தேன். குளிர்காலத்தின் கடைசி ஊறல். சுக்கைக் குறைத்துப் போட்டது. குமிழ் நின்று, தெளிந்து, பதமாக இருந்தது. ஒரு நாள் தாண்டினால் கெட்டுவிடும். பாட்டில்களைக் கழுவி அடைத்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை மதியம் கணக்காளர் வந்தார். நான் கதவைத் திறந்தேன். நான் ஊற்றினேன். அவர் குடித்துவிட்டு, இப்போது பழம் முன்னால் வருகிறது என்றார்.