அழுததற்கு மன்னிப்பு

வால்நட்சத்திரம் தெரிந்த வருஷம் அது. சித்திரைக் கடைசி. ஏரலுக்கு மேற்கே ஆற்றை ஒட்டியிருந்த எங்கள் ஊரில் பதினைந்து வயதுப் பெண்ணொருத்தி தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டாள். பாளையங்கோட்டையில் மிஷன் விடுதியில் தங்கிப் படித்தவள், கோடை விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். எப்படி முடித்துக்கொண்டாள் என்று நான் எழுதப்போவதில்லை. ஊர் முழுக்க அதைத்தான் கேட்டது. அவள் எப்படி இருந்தாள் என்று கேட்க ஒரு நாதி இல்லை. அதனால் அதைச் சொல்லிவிடுகிறேன். நல்ல உயரம். சிரித்தால் கண் இரண்டும் மூடிக்கொள்ளும். கணக்கு வராது. வேதக்கோயிலில் பாடும்போது எல்லாரையும்விட அரைச்சொல் முந்திப் பாடுவாள், திருத்தினாலும் கேட்கமாட்டாள்.

காரணம் என்னவென்று எனக்குத் தெரியாது. இன்றுவரை தெரியாது. தெரியாது என்று சொல்லத் துணிச்சல் இல்லாதவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒருத்தி அந்தப் பிள்ளையின் வயிற்றைப் பற்றி வாய் கூசாமல் பேசினாள். ஒருவர் பெண்பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்றார். வானத்தில் வால்முளைத்த வெள்ளி வந்ததுதான் காரணம் என்றார் இன்னொருவர். அவர் சபை மூப்பர் வேறு. ஒரு மாதமாகவே மகள் சோறு இறங்காமல், உறக்கம் பிடிக்காமல், பேச்சுக் குறைந்து கிடந்தாள் என்றும், வைத்தியரிடம் கஷாயம் வாங்கிக் கொடுத்துப் பார்த்தோம் என்றும் தாய் எல்லாரிடமும் சொன்னாள். அதை மட்டும் யாரும் காதில் வாங்கவில்லை.

எனக்கு அப்போது முப்பத்துநாலு வயது. புருஷன் போய் எட்டு வருஷம் ஆகியிருந்தது. வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வேதம் வாசித்துக் காட்டுவது என் வேலை. அதற்கென்று மிஷன் துரைசானி அம்மாள் எங்களுக்கு ஒரு நோட்டு எழுதிக் கொடுத்திருந்தாள். பிரசவ வீட்டில் எந்தப் பகுதி, காலரா வந்த வீட்டில் எது, தாலி அறுத்தவளுக்கு எது, குழந்தையைப் பறிகொடுத்தவளுக்கு எது என்று எல்லாம் வரிசையாக இருக்கும். அந்த நோட்டைக் கையில் பிடித்துக்கொண்டால் எந்த வீட்டு வாசலிலும் ஏறிவிடலாம் என்று நான் நினைத்திருந்தேன். எவ்வளவு பெரிய நினைப்பு!

சாவு நடந்தது ஒரு புதன்கிழமை. ஊர் முன்சீப் எழுத வேண்டியதை எழுதி முடித்தபின் சாயங்காலம் அடக்கம். குருவானவர் மாதத்தில் ஒரு ஞாயிறுதான் எங்கள் ஊருக்கு வருவார். மற்ற நாளெல்லாம் சபையை நடத்துகிறவர் உபதேசியார். அவர் சொல்லிவிட்டார்: மணி கிடையாது, ஜெபம் கிடையாது, கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு உள்ளே இடமும் கிடையாது.

மணி அடிக்கிறவர் மட்டும் ஒருதரம் கேட்டுப் பார்த்தார். "ஞானஸ்நானம் வாங்குன பிள்ளதானே? ரெண்டு அடி அடிக்கட்டுமா வே?"

"சபைச் சட்டம் ஒண்ணு இருக்கு வே. நான் என்ன செய்ய?" என்றார் உபதேசியார்.

உபதேசியார் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டுப் போயிருப்பேன். காலரா வந்த வருஷம் தொட்டுத் தூக்க ஆளில்லாதவர்களைத் தன் தோளில் சுமந்தவர் அவர். நோய்க்குப் பயப்படாத மனுஷன் சட்டத்துக்குப் பயந்தார். சுவருக்கு வெளியே கள்ளிச்செடியை வெட்டித் தள்ளிவிட்டு, தகப்பனே குழி தோண்டினார். தாய் அழவில்லை. உபதேசியாரைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஐயா, எம் பிள்ள இப்ப எங்கன இருக்கா?"

"அதெல்லாம் நாம பேசக்கூடாதும்மா" என்று அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. சாவு விழுந்த வீட்டில் மூன்று நாள் அடுப்பு எரியாது. சபைப் பெண்கள் முறை வைத்துக் கஞ்சி கொண்டுபோவார்கள். சாயங்காலம் எல்லாரும் கூடி, பாடி, ஜெபம் பண்ணிவிட்டு வருவார்கள். குடித்துக் குடித்தே செத்தவன் வீட்டுக்கும் போயிருக்கிறோம். இந்த வீட்டுக்கு ஒரு சிரட்டைக் கஞ்சிகூடப் போகவில்லை. உபதேசியார் போகாதே என்று யாரையும் தடுக்கவில்லை. ஒருத்தி போகாததைப் பார்த்து மற்றவள் போகவில்லை, அவ்வளவுதான். இதை எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மறுநாள் வியாழக்கிழமை காலையில் நான் போனேன். பெருமைக்குச் சொல்லவில்லை, போய்ச் செய்த காரியத்தைக் கேளுங்கள். நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். இப்படிப்பட்ட சாவுக்கு அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. சரி, பக்கத்தில் உள்ளது போதும் என்று, பிள்ளையை இழந்த தாய்க்கான பகுதியை எடுத்து வாசித்தேன். கொடுத்தவரே எடுத்துக்கொண்டார் என்று வரும் பகுதி.

அவள் முழுக்கக் கேட்டாள். பிறகு சொன்னாள்: "அவரு எடுக்கலியே அக்கா. அவளாத்தானே போனா."

நான் வேதப் புத்தகத்தை மூடினேன்.

"அன்னைக்குக் காலைல மிளகா வத்தல அள்ளி வைக்கலன்னு ஏசினேன் அக்கா. அதுக்காகவா போனா? எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அவ எங்கன இருக்கா? அது தெரியாம எனக்குச் சோறு இறங்காது."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஜெபம் பண்ணுவோம் என்றேன். கண்ணை மூடிக்கொண்டால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டாமே. ஜெபம் முடிந்ததும் நோட்டை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

நான் படி இறங்கவும் வில்வண்டி ஒன்று வந்து நிற்கவும் சரியாக இருந்தது. இறங்கியவள் செத்த பிள்ளையின் தகப்பனுக்கு உடன்பிறந்த அக்காள். ஆழ்வார்திருநகரிக்குப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டவள்; நெற்றி நிறையத் திருநீறு பூசுகிற சைவக் குடும்பம். தம்பி ஞானஸ்நானம் வாங்கிய அன்றைக்கு அவன் செத்தான் என்று தலைமுழுகிவிட்டு, பதினெட்டு வருஷம் அந்தப் படி மிதிக்காதவள். தம்பி மகளை அவள் ஒருதரம்கூடப் பார்த்ததில்லை. வண்டியிலிருந்து இறங்கும்போதே கூந்தலை அவிழ்த்துவிட்டாள்.

"எம் மருமவளே! ஒரு முழம் பூ வாங்கி ஒந் தலையில வச்சுப் பாக்கலியே பாவி! வீம்பு புடிச்சு இருந்துட்டேனே!" என்று மாரில் அறைந்துகொண்டு வாசலில் விழுந்தாள்.

உள்ளேயிருந்து தாய் ஓடி வந்தாள். வந்து நாத்தனாளின் தோளைக் கட்டிக்கொண்டாள். அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள் அப்போது வாய்விட்டு அலறினாள். இருவரும் மாறி மாறி ஒப்பாரி வைத்தார்கள். ஆற்றில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திக் கேட்டார்களாம்.

நான் என்ன நினைத்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். அடடா, சபைக்குத் தெரிந்தால் வம்பாயிற்றே என்று நினைத்தேன். ஒப்பாரியும் மாரடியும் எங்களுக்கு விலக்கப்பட்டவை. உயிர்த்தெழுதலை நம்புகிறவர்கள் அப்படி அழக்கூடாது என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நண்பனின் கல்லறை வாசலில் கர்த்தரே கண்ணீர் விட்டாரே என்று திருப்பிக் கேட்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை, நூறு தடவை அதை வாசித்தவள் நான்.

தெரியாமல் இருக்குமா? வெள்ளிக்கிழமையே குருவானவருக்கு ஆள் போயிற்று. திங்கட்கிழமை பதில் வந்தது. வருகிற ஞாயிறு நற்கருணைக்கு அவர் வரும்போது, புறமதத்தார் முறைப்படி மாரடித்ததற்காக அந்த அம்மாள் சபைமுன் எழுந்துநின்று மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்டால் நற்கருணை உண்டு, கேட்காவிட்டால் விலக்கு. பிள்ளை செத்தவளுக்குச் சபை அனுப்பிய முதல் ஆறுதல் இதுதான். அதைச் சுமந்துகொண்டு போய்ச் சொன்னது யார் என்கிறீர்கள்? நான்தான். பெண்ணிடம் பெண் போய்ச் சொன்னால் நன்றாக இருக்கும் என்றார் உபதேசியார்.

நாத்தனாள் தாய்க்குச் சங்கால் கஞ்சித்தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தாள், கைக்குழந்தைக்குப் புகட்டுவதுபோல. அந்த நாலைந்து நாளில் தாயின் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. நான் சொன்னதைக் கேட்டு நாத்தனாள்தான் கொதித்தாள்.

"அழுததுக்கா மன்னிப்பு? என்ன சாமிம்மா ஒங்க சாமி?"

"எங்க சாமி இல்ல அக்கா, எங்க ஆளுக" என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

தாய் மட்டும் பைய எழுந்து உட்கார்ந்தாள். "நிக்கேன்" என்றாள். "குருவானவரு வருதாருல்லா? நிக்கேன்."

சாவு நடந்து பதினோரு நாள் கழிந்த ஞாயிறு. கோயிலில் கால் வைக்க இடமில்லை. நற்கருணைக்கு வந்த கூட்டம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேடிக்கைக்கு வந்த கூட்டம். நாத்தனாள் தாயைத் தாங்கிப் பிடித்து நடத்தி வந்தாள். கோயிலுக்குள் வராமல் வெளியே வேப்பமர நிழலில் நின்றுகொண்டாள்.

பிரசங்கம் முடிந்ததும் உபதேசியார் கண் காட்டினார். பெண்கள் பக்கத்துப் பாயிலிருந்து தாய் எழுந்தாள். தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் மாரடிச்சு அழுதது தப்பு. சபையார் மன்னிச்சுக்கிடணும்."

குருவானவர் தலையசைத்தார். உட்காரலாம் என்று கை காட்டினார். அவள் உட்காரவில்லை.

"கேக்கச் சொன்னத நான் கேட்டுட்டேன் ஐயா. இப்ப நான் கேக்கதுக்கு நீங்க சொல்லுங்க. எம் பிள்ள எங்கன இருக்கா?"

குருவானவர் உபதேசியாரைப் பார்த்தார். உபதேசியார் தரையைப் பார்த்தார். இருபது வருஷம் மோட்சத்தைப் பற்றிப் பிரசங்கம் பண்ணிய குருவானவர், "உட்காரும்மா, பிறகு பேசிக்கொள்வோம்" என்றார்.

"பிறகு எப்பம் ஐயா?"

அவள் தூணை விடவில்லை. அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. குருவானவர் மேல் கொஞ்சம், கூட்டத்தின் மேல் கொஞ்சம், பெரும்பங்கு என் மேல். பதினோரு நாளாக என் வாயில் இருந்த வார்த்தையை, நோட்டில் இல்லை என்பதற்காகச் சொல்லாமல் வைத்திருந்தேனே!

எழுந்துவிட்டேன். கோயிலுக்குள் பெண்பிள்ளை தானாக எழுந்து பேசுவது வழக்கமில்லை.

"நீங்க ஏன் எந்திரிக்கீங்க?" என்றார் உபதேசியார்.

"அவ கேக்கதுக்குப் பதில் சொல்ல" என்றேன். அவளிடம் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பிடித்தபின் எனக்கும் தைரியம் வந்தது.

"தங்கச்சி, கேட்டுக்கோ. ஒம் பிள்ள கர்த்தர் கையில இருக்கா. அவ பட்ட நோவு நமக்குத் தெரியல, அவருக்குத் தெரியும். காய்ச்சல்ல போன பிள்ளைக்கு மணி அடிக்கோம். மனசுல காய்ச்சல் வந்த பிள்ளையச் செவுத்துக்கு வெளிய வைக்கோம். அது நம்ம புத்தி, அவரு புத்தி இல்ல. நீ வத்தலுக்கு ஏசினதால அவ போகல. ஏசாத தாய் எந்த ஊர்ல இருக்கா? அவள அவரு பாத்துக்கிடுவாரு. நீ சாப்பிடணும். நீ எங்ககூட இருக்கணும். நாங்க வராதது தப்பு. மன்னிப்பு நாங்கதான் கேக்கணும்."

அவள் என் தோளில் சாய்ந்தாள். அழுதாள். சத்தமாகத்தான் அழுதாள். அதற்கு மறுபடி மன்னிப்புக் கேட்கச் சொல்ல யாருக்கும் நா எழவில்லை. பெண்கள் பக்கத்தில் இரண்டு மூன்று பேர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்கள். மற்றவர்கள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆராதனை அரைகுறையாக முடிந்தது. எனக்கு மூன்று மாதம் வேலை நிறுத்தி வைத்தார்கள். அதைப் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை.

வெளியே வந்தோம். வேப்பமரத்தடியில் நின்ற நாத்தனாள் எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தாள்.

"சொன்னாவளா? எம் மருமவ எங்கன இருக்கான்னு சொன்னாவளா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அவளும் அந்தக் கேள்வியோடுதான் அங்கே நின்றிருந்தாள் என்று. உள்ளே சொன்னதை மறுபடி சொன்னேன். அவ கர்த்தர் கையில இருக்கா என்றேன். அவள் தம்பி பெண்டாட்டியின் இடுப்பைச் சுற்றிக் கைபோட்டுத் திருப்பி நடத்திக்கொண்டே என்னிடம் கேட்டாள்:

"இந்த ஒரு சொல்லச் சொல்லதுக்கா ஒங்களுக்குப் பதினோரு நாளு ஆச்சு?"