கணக்குக் கொப்பிக்குள் மணல்

மெல்பேர்னுக்குத் தெற்கே, ரோஸ்பட் கடற்கரையில் ஒரு மரமேசையில் இருக்கிறோம். நாளை மறுநாள் பள்ளிக்கூடம் தொடங்குகிறது. புதுக் கொப்பிகளுக்கு ஒட்டும் பிளாஸ்டிக் உறை போடும் வேலையை இங்கே கொண்டுவந்தது என் கணவரின் மூளை. "காத்து வாங்கிக்கொண்டே போட்டு முடிச்சிடலாம்" என்றார். அந்தக் காற்றுதான் இப்போது உறையைச் சுருட்டி அவர் முழங்கையில் ஒட்டுகிறது.

பக்கத்து மேசை வெள்ளைக்கார அம்மா தேநீரை வைத்துவிட்டு எழுந்து வருகிறார். "என் நாலு பிள்ளைகளுக்கும் போட்டிருக்கிறேன். கடற்கரையில் போட எனக்குத் தைரியம் வந்ததில்லை" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தபடி, கோடு போடும் அடிமட்டத்தால் உறையை நீவிவிடுகிறார்.

கணக்குக் கொப்பி பளபளக்கிறது. ஆனால் உறைக்குள் ஒரு சிட்டிகை மணல் மாட்டிக்கொண்டது. உரித்தால் அட்டை கிழிந்துவிடும். கணவரின் முகம் தொங்குகிறது.

"பரவாயில்லை, விடுங்கோ" என்கிறேன்.

எங்கள் ஆறு வயது மகள் கொப்பியை வாங்கி, அந்த மணலை விரலால் தடவிப் பார்க்கிறாள். பிறகு தண்ணீர்ப் பக்கம் ஓடுகிறாள். திரும்பி வரும்போது இரண்டு கைகளிலும் மணல்.

"அப்பா, இங்கிலிஷ் கொப்பிக்கும் போடுங்கோ!"