கிருமியை விழுங்கியதைக் கண்டேன்

கெளுத்தி மீன் முள் வலது உள்ளங்கையில் ஏறியபோது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மஞ்சள் பூசிக்கொண்டு மறுநாள் தமிழ்ப் பள்ளிக்குப் பாடம் நடத்தப் போனேன். கரும்பலகையில் எழுதக் கை எழவில்லை.

மூன்றாம் நாள் மணிக்கட்டிலிருந்து மேலே ஒரு சிவப்புக் கோடு (கிருமியின் நஞ்சு ஏறும் அடையாளம்) ஓடியது. ஆசுபத்திரியில் வெள்ளைக்கார டாக்டர் உள்ளங்கையைக் கீறிச் சீழை வடித்தார். கோட்டின் நுனியில் மையால் குறி வைத்தார். அவர் சொன்னதை, யாழ்ப்பாணத்துக்காரரான டிரஸ்ஸர் (மருத்துவ உதவியாளர்) எங்களுக்குத் தமிழில் சொன்னார்.

"கோடு முழங்கையைத் தாண்டினால் கையை எடுக்க வேணுமாம்."

பிரிக்பீல்ட்ஸ் ரயில் பட்டறையில் ஃபிட்டரான என் கணவர், "எழுதுற கை சார் அது" என்றார்.

மறுநாள் காலையில் கோடு குறியைத் தாண்டவில்லை. இன்னும் ஒரு நாள் பார்ப்போம் என்றார் டாக்டர். அவர் போனதும் டிரஸ்ஸர் என்னை மைக்கிராஸ்கோப் (நுண்பொருளைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி) அருகே உட்கார்த்தினார்.

"உங்கட கைச் சீழ்தான், டீச்சர். சங்கிலி மாதிரிக் கிடக்கிறது கிருமி. பக்கத்தில நிக்கிறது வெள்ளை அணு (கிருமியை எதிர்க்கும் இரத்த உயிரணு). அசையாமல் பாருங்கோ."

முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு அந்த அணு, மாவு வழிவதுபோல ஒரு பக்கம் நீண்டது. கிருமிச் சங்கிலியை இரு புறமும் வளைத்தது. மெல்ல மூடிக்கொண்டது. சங்கிலி இப்போது அணுவுக்குள்ளே!

"முழுங்கிடுச்சு! ஏங்க, முழுங்கிடுச்சு!" வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். கணவர் ஓடிவந்து எட்டிப் பார்த்தார். "வாயே இல்லையேம்மா, எப்படி?"

"உடம்பே அதுக்கு வாய்" என்று டிரஸ்ஸர் சிரித்தார். "சில அணுக்கள் சுத்தியிருக்கிற நீரையும் சொட்டுச் சொட்டாய்க் குடிக்குமாம். இப்பத்தான் கண்டுபிடிச்சு எழுதியிருக்கினம்."

அன்று மாலை கோடு மங்கத் தொடங்கியது. கை பிழைத்தது. மோதிர விரல் மட்டும் இன்றும் மடங்காது. சாக்கட்டியை மற்ற விரல்களால் பிடிக்கப் பழகிவிட்டேன்.

எல்லாருக்கும் இப்படி முடிவதில்லை. என் பக்கத்துக் கட்டிலில் இருந்த கிள்ளான் ரப்பர் தோட்டத்துப் பெண்ணுக்குக் காலை எடுத்தார்கள். ஆனாலும், புண்ணோடு படுத்து நாளை எண்ணிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். நான் அசையாமல் கிடந்த அந்த நாள்களில் எனக்குள் எத்தனையோ உயிர்கள் ஓயாமல் வேலை செய்துகொண்டிருந்தன. அதைக் கண்ணால் கண்ட பிறகு, சும்மா படுத்திருக்கிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.