சாயத் தொட்டியில் நனைத்த கம்பி

லைன்மேன் கந்தையா அண்ணனின் வேலையைப் பறித்தவன் நான்தான். மேலதிகாரி அல்ல, மாரி மழையும் அல்ல... நான்!

என்னைக் கெட்டிக்காரன் என்று மெச்சுகிற நீங்கள் இதைக் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

மாவடிப்பள்ளி மருந்தகத்துக்கு டெலிபோன் இழுக்கும் வேலை; பொறுப்பு என்னுடையது, பள்ளம் வெட்டிப் புதைப்பது கந்தையா அண்ணன். கம்பி வயல் வரம்போரம் மண்ணுக்கடியில் போகவேண்டும். ஈய உறை போட்ட கேபிள் கொழும்பிலிருந்து வர இரண்டு மாதமாகும் என்றார்கள். எனக்கோ ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் மணி அடிக்கவேண்டும், ஊர் என் பெயரைச் சொல்லவேண்டும்! கிடங்கில் கிடந்தது வீட்டுக்குள் சுவரோரம் இழுக்கிற கம்பி. ரப்பருக்கு மேல் நூல் பின்னியது.

நான் மருதமுனை நெசவுக்காரன் மகன். நூலைப் பற்றி எனக்கு யார் சொல்ல? ஒரு துண்டை மெழுகில் தோய்த்து, வாப்பாவின் சாயத் தொட்டியில் ஒரு பகல் முழுதும் ஊறப்போட்டுச் சோதித்தேன். அதன் வழியே குரல் கணீரென்று வந்தது. போதாதா?

போதாது என்றார் கந்தையா அண்ணன். காரைதீவு வயல்களில் வளர்ந்தவர்.

"தம்பி, இது உங்கட சாயத் தொட்டியில்ல. மாரியில மூணு மாசம் தண்ணி நிக்கும். நூலும் ரப்பரும் ஊறி அழுகிப் போகும். ஈயக் கேபிள் வரட்டும்."

"நீங்க மண்வெட்டியப் பாருங்க அண்ணன், கம்பிய நான் பாக்கிறன்" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அது எனக்கு எவ்வளவு இனித்தது... சீ!

அந்த நூல் கம்பியையே புதைத்தோம். பெருநாளுக்கு முன் மணி அடித்தது. மார்கழியில் டெலிபோன் ஊமையானது.

விசாரிக்க மேலதிகாரி வந்தார். வயலில் முழங்கால் தண்ணீர்; தோண்டிப் பார்க்க வழியில்லை. காரணம் என்ன என்று என்னைத்தான் கேட்டார்.

"புதைக்கக்குள்ள லைன்மேன்ட மண்வெட்டி பட்டிருக்கும், சேர்."

எப்படி வந்தது அந்த வாக்கியம்? யோசிக்கக்கூட இல்லையே நான்! கந்தையா அண்ணன் பக்கத்தில்தான் நின்றார். நான் திருத்திச் சொல்வேன் என்று என் முகத்தையே பார்த்திருந்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன். அந்தக் கிழமை முடியுமுன் அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

தண்ணீர் வற்றியதும் நானே தோண்டினேன். வெட்டு ஒன்றும் இல்லை. நூல் பிசுபிசுத்துக் கையோடு உரிந்து வந்தது. அப்போதாவது வாய் திறந்தேனா? அவர் கேட்ட அதே ஈயக் கேபிளை அதே பள்ளத்தில் போட்டு மூடினேன்... பாராட்டும் வாங்கினேன்!

போன கிழமை அவ்வழியே சைக்கிளில் போனேன். கந்தையா அண்ணன் யாருடைய வயலிலோ கூலிக்கு அறுத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார்.

"இப்ப கதைக்குதா தம்பி, டெலிபோன்?"

"ஓம்" என்றேன். சைக்கிளை விட்டு இறங்கக்கூட இல்லை.